பன்னிரண்டு பிளாஸ்டிக் தாள்கள்

திங்கட்கிழமை காலை பத்தரைக்கு முதல் கம்ப்யூட்டர் செத்தது. மதியத்துக்குள் இன்னும் நான்கு. திரை நீலமாகும், ஏதோ எண்களைக் காட்டும், தானாக அணைந்து மறுபடி எழும்பும். எங்களுடையது கட்டட வரைபடம் போடும் அலுவலகம். சேமிக்காத கோடெல்லாம் போய்விடும்.

சனிக்கிழமைதான் பன்னிரண்டு கம்ப்யூட்டரிலும் பழைய டிஸ்கைக் கழற்றிவிட்டுப் புது எஸ்எஸ்டி போட்டிருந்தோம். பழையதில் இருந்ததைப் புதியதில் அப்படியே காப்பி எடுத்தது நான். அதைப் பெட்டிக்குள் மாட்டி, சூடு இறங்குவதற்கான அலுமினியத் தகட்டை மேலே வைத்துத் திருகியது என் மேலதிகாரி. அலுவலகம் அவருக்கு வைத்த பெயர் சயின்டிஸ்ட். ஸ்க்ரூ டிரைவரை யாரிடமும் கொடுக்க மாட்டார்.

மேனேஜர் வந்து நின்றதும் சயின்டிஸ்ட் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"காப்பி எடுத்ததுல கோளாறு சார். நான் மாட்டினதெல்லாம் பக்கா. நாப்பது வயசுக்கு மேல தொழில் கத்துக்கிட்டு வந்தா இப்படித்தான். ஊர்ல மாடு மேய்க்க விட்டா மாடும் ஹேங் ஆகும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் இன்னும் எரிகிறது.

என் ஒப்பந்தம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. மேனேஜர் கையெழுத்துப் போட்டால் இன்னும் இரண்டு வருடம். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். "வியாழக்கிழமைக்குள்ள சரியாகலேன்னா நான் கையெழுத்துப் போடறதா இல்லை" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார் மேனேஜர்.

என் மேசைக்கு அடுத்த மேசையில் வரைபடம் போடும் அக்கா இருந்தார். அந்த அலுவலகத்தில் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்கும் ஒரே ஆள். "தம்பி, உன்னைக் குத்தம் சொல்லலப்பா. ஆனா புதன்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரி படம் போயாகணும். என் மெஷினை மட்டுமாவது முதல்ல பாரு" என்றார்.

காப்பியை மறுபடி எடுத்தேன். பலனில்லை. செவ்வாய்க்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோது அக்காவின் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். சும்மா இருந்தால் அது சாவதில்லை. பெரிய கட்டடத்தைத் திரையில் சுழற்றினால் இருபது நிமிடத்தில் சாகிறது. பக்கத்து மூடியைத் திறந்து வைத்தால் அரைமணி தாங்குகிறது. அப்படியானால் சூடு. எஸ்எஸ்டி கொதிக்கிறது என்று திரையில் காட்டியது. ஆனால் அதன்மேல் இருந்த தகட்டைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது. சூடு தகட்டுக்கு ஏறவே இல்லை.

திருகைக் கழற்றினேன். தகட்டின் அடியில் மெத்தென்று ஒரு பட்டை இருக்கும். அதுதான் எஸ்எஸ்டியில் ஒட்டிக்கொண்டு சூட்டை மேலே கடத்தும். அதன்மேல் புது போன் திரையில் வருகிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் தாள். உரித்துவிட்டு மாட்ட வேண்டும். சயின்டிஸ்ட் உரிக்கவில்லை. இன்னும் இரண்டைத் திறந்தேன். அதிலும் அதே தாள்.

ஒரு மணி நேர வேலை. உரித்து மாட்டினால் முடிந்தது. தாளின் முனையைப் பிடித்தும்விட்டேன். அப்புறம் யோசித்தேன். இப்போது உரித்தால் சாயங்காலம் இந்த ஆள் என்ன சொல்வார்? "நான்தான் மறுபடி காப்பி எடுக்க வச்சேன், சரியாயிடுச்சு." அவரை அப்படி விட்டுவிடலாமா? மூன்று தகட்டையும் இருந்தபடியே வைத்து இறுக்கித் திருகினேன்.

புதன்கிழமை அக்காவின் கம்ப்யூட்டர் ஒன்பது முறை செத்தது. "ஏதாவது தெரிஞ்சுதா தம்பி?" என்று மூன்று முறை கேட்டார். "பாத்துக்கிட்டிருக்கேன்கா" என்றேன். படம் போகவில்லை.

வியாழக்கிழமை காலை மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டார். நான் சயின்டிஸ்ட்டைப் பார்த்து, "சார், தகடெல்லாம் யார் மாட்டினது?" என்று கேட்டேன்.

"ஏன், உனக்குத் தெரியாதா? பன்னெண்டும் நான்தான். உன்னை விட்டா திருகையே முழுங்கியிருப்ப."

"ஒண்ணைக்கூட நான் தொடலையே?"

"தொட விடுவேனா?"

"அப்ப நீங்களே ஒண்ணைக் கழட்டுங்க சார். எல்லாரும் பாக்கட்டும்."

கழற்றினார். தகட்டைத் திருப்பியதும் அவர் கை நின்றது. நான் தாளின் முனையைப் பிடித்து மெதுவாக, சத்தம் கேட்கும்படி உரித்தேன். உரித்ததை அவர் சட்டைப் பையில் செருகினேன். "மாடு இதை உரிக்காது சார். மனுஷன் உரிக்கணும்."

அந்த முகம் போன போக்கு! பொய் சொல்ல மாட்டேன், நினைத்தால் இன்றைக்கும் இனிக்கிறது. மீதிப் பதினொன்றையும் அவரையே உரிக்கச் சொன்னார் மேனேஜர். நான் பக்கத்தில் நின்று ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். அதன்பிறகு ஒரு கம்ப்யூட்டரும் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை கையெழுத்து விழுந்தது.

ஆஸ்பத்திரி வேலையை அக்காவிடமிருந்து எடுத்து வேறொருவருக்குக் கொடுத்தார்கள். அன்றைக்குப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது அக்கா என் மேசைக்கு வந்தார்.

"எப்ப கண்டுபிடிச்ச?"

வியாழக்கிழமை காலை என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது வேறு. "செவ்வாய்க்கிழமை."

"என் மெஷின்லயா?"

தலையாட்டினேன்.

"அந்த ஆளுக்குத் தெரியல, அவ்வளவுதான். உனக்குத் தெரிஞ்சிருந்துச்சு."

இப்போது அவருடைய கம்ப்யூட்டரில் ஏதாவது தகராறு என்றால், என்னைத் தாண்டி நடந்துபோய் சயின்டிஸ்ட்டைக் கூப்பிட்டுக்கொண்டு வருகிறார்.