கிள்ளிய மொட்டுகள்

நெல் வயலோரம் வளர்ந்தவளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதை நட்டாலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கத் தோன்றும். நான் கண்ணமங்கலத்துக்காரி. கனகாம்பரமோ கறிவேப்பிலையோ, காலையில் ஒரு குடம், மாலையில் ஒரு குடம் என்று ஊற்றியே பழகிய கை இது. இந்தக் கையால்தான் ஜவ்வாது மலையில் இரண்டு உயிரைக் கொன்றேன். அதை மறைக்கப் போய் ஒரு நல்ல சிநேகிதியை இழக்கவும் பார்த்தேன்.

எழுபத்தேழில் கல்யாணமான கையோடு காவலூருக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் ராஜாக்கண்ணுவுக்கு அங்கே வான் ஆராய்ச்சி நிலையத்தில் ஜீப் ஓட்டும் வேலை. ஊருக்குள் ஒரு ஓட்டு வீடு கிடைத்தது. பின்பக்கம் முழுக்கப் பாறையும் செம்மண்ணும்தான். வந்த வாரமே அந்த மண்ணில் நாலு விதையைத் தூவி, குடம் குடமாக ஊற்ற ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டிலிருந்து ஒருத்தி எட்டிப் பார்த்து, "இன்னாங்க டிரைவரம்மா, பாறையக் குளிப்பாட்டுறீங்களா?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பதிலுக்கு நானும் ஏதோ சொன்னேன். அன்று சாயங்காலமே அவள் ஒரு சட்டியில் சாமைச் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

அவள்தான் கெங்கம்மாள். என் வயதுதான், ஒன்றிரண்டு கூட இருக்கலாம். அவள் புருஷன் மாதையன் பேசாத மனுஷன். அவருக்கும் சேர்த்து இவள் பேசுவாள். மாசி மாதம் வந்துவிட்டால் நாங்கள் இரண்டு பேரும் அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்து புளி உடைப்போம். ஓடு ஒரு பக்கம், கொட்டை ஒரு பக்கம், ஊர்க்கதை நடுவில். ஒரு மாதத்துக்குள் "டிரைவரம்மா" போய் "பூங்கோத" ஆகிவிட்டது, "ங்க" போய் "டி" வந்துவிட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ ஊரில் இருந்துவிட்டேன். அப்படிச் சிரித்தது அங்கேதான்.

எழுபத்தெட்டு மாசியில் சுள்ளி பொறுக்கப் போனவள், ஓடையைத் தாண்டி ஒரு சரிவில் அந்த மரத்தைப் பார்த்தேன். கள்ளிமந்தாரை. கீழே எங்கள் ஊர்க் கோயிலிலும் உண்டு, ஆனால் அது வெறும் வெள்ளை. இது இலையே இல்லாமல் மொட்டையாக நின்று, ஒரே ஒரு கிளை நுனியில் மட்டும் பூத்திருந்தது. வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள், ஓரம் முழுக்கக் குங்குமம் தொட்டு இழுத்த மாதிரி ஒரு சிவப்பு. வாசனை ஓடைக்கு இந்தப் பக்கமே வந்தது. எனக்கு அது வேண்டும் என்று தோன்றிவிட்டது. எனக்கு ஒன்று தோன்றிவிட்டால் பிறகு யோசனையெல்லாம் கிடையாது.

சுற்றிலும் புல். புல்லுக்குள் சில கற்கள். வேலி இல்லை, யாருடைய நிலம் என்ற அடையாளமும் இல்லை. வேலி இல்லாததெல்லாம் பொது என்பது எங்கள் கீழ்நாட்டுக் கணக்கு. ஒரு கிளையைப் பிடித்து வளைத்தேன். படக்கென்று ஒடிந்து, பால் கையெல்லாம் வழிந்தது.

வீட்டுக்கு வந்த உடனே நட்டேன். உடனே ஒரு குடம் ஊற்றினேன். பன்னிரண்டாம் நாள் தொட்டுப் பார்த்தால் அடி கொழகொழவென்று கறுத்து நாறியது. தாகத்தில்தான் செத்தது என்று முடிவு செய்து, மறுபடி போய் இன்னொரு கிளையை ஒடித்துவந்து இரண்டு மடங்கு ஊற்றினேன். அது எட்டே நாளில் அழுகியது. மூன்றாவது முறை இரண்டாகப் பிரிந்த ஒரு நல்ல கிளையாகப் பார்த்து ஒடித்து வந்தேன். அதை நட்டுக் குடத்தைச் சாய்க்கும்போதுதான் கெங்கம்மாள் வந்து சேர்ந்தாள்.

"ஏது இது?" என்றாள்.

ஓடைக்கு அந்தப் பக்கம் கரடி நடமாட்டம் என்று என் வீட்டுக்காரர் என்னைப் போகக்கூடாது என்று சொல்லியிருந்தார். இவள் வாய் சும்மா இருக்காது, அவர் காதுக்குப் போய்விடும். அதனால் ஒடுகத்தூரில் அவருடைய சிநேகிதர் வீட்டிலிருந்து வந்தது என்று சொல்லிவிட்டேன். அவ்வளவு சின்னப் பொய்தான்.

அவள் கிளையைப் பிடுங்கினாள். வெட்டுவாயில் மண்ணைத் தேய்த்துப் பாலைத் துடைத்து, என் வீட்டுக் கூரை இறவாணத்தில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டாள்.

"பால் காயணும்டி. காயாம நட்டா அழுவிடும். பத்து நாளைக்குத் தண்ணி கண்ணுல காட்டாத."

பத்து நாள் கழித்து ஓடை மணலும் செம்மண்ணும் கலந்து, வாய் உடைந்த ஒரு பானையில் ஒரு சாண் ஆழத்தில் அவளே நட்டாள். ஆடாமல் இருக்க ஒரு குச்சியும் கட்டினாள். என் மேல் நம்பிக்கை இல்லாமல் என் செம்பைத் தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வாரத்துக்கு ஒரு தடவை வந்து நாலு சொட்டுத் தெளித்துவிட்டுப் போவாள். சித்திரையில் நுனியில் பச்சையாக ஒரு முளை எட்டிப் பார்த்தது. இரண்டு பேரும் பானையைச் சுற்றி நின்று, பிள்ளை பிறந்த வீட்டில் சிரிப்பதுபோல் சிரித்தோம். இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். மாதையன் கொஞ்ச காலம் ஏற்காட்டில் ஒரு பங்களாத் தோட்டத்தில் வேலை செய்தாராம். அங்கிருந்து கொண்டுவந்த ஒரு கிளையை இவளும் நட்டிருக்கிறாளாம். எங்கே என்றேன். இருக்கிறது என்று சொல்லி எழுந்து போய்விட்டாள். நானும் விட்டுவிட்டேன்.

ஆடி மாதத்தில் ஒரு மத்தியானம் வந்தாள். முகம் வீங்கியிருந்தது. அவளுக்கு ஒரு மகள் இருந்ததும், நான் வருவதற்கு இரண்டு வருஷம் முன்னால் ஐந்து வயதில் காய்ச்சலில் போனதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஓடைக்கு அப்பால் சரிவில் புதைத்திருக்கிறார்கள். மலையில் மேடை கட்டுவதில்லை, சுற்றிக் கல் வைப்பதோடு சரி. அடையாளத்துக்குத் தலைமாட்டில் மாதையன் கொண்டுவந்த கிளையை நட்டிருக்கிறாள். அடிக்கடி போனால் தாங்க முடியாது என்று வருஷத்துக்கு ஒரே நாள், மகள் போன நாளில் மட்டும், சோறு எடுத்துக்கொண்டு போவார்களாம்.

"மூணு எடத்துல ஒடச்சிருக்காங்கடி. எம் பொண்ணு கைய ஒடச்சிட்டாங்க."

அப்போதே சொல்லியிருக்கலாம். மாடு மேய்க்கிறவர்கள் யாராவது ஒடித்திருப்பார்கள் என்றேன். அதைச் சொன்ன என் வாயை இன்றைக்கும் எனக்குப் பிடிப்பதில்லை. அந்தப் பானை எங்களுக்கு நாலடி தூரத்தில் இருந்தது. அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. ஒடுகத்தூர் என்று நான் சொன்னதை அவள் அப்படியே நம்பியிருந்தாள்.

பூத்தால் தெரிந்துவிடும். அந்தச் சிவப்பு ஓரம் மலையில் வேறெங்கும் கிடையாது. ஆகவே எனக்கு ஒரு மகா யோசனை வந்தது. என் வீட்டுக்காரரிடம் சொல்லி ஒடுகத்தூரிலிருந்து கள்ளிமந்தாரைக் காய் வரவழைத்தேன். ஆட்டுக் கொம்புபோல் ஜோடியாக இருந்தது. வெடித்த காய்க்குள் இறக்கை வைத்த விதைகள் அடுக்கடுக்காக இருந்தன. பிஸ்கட் டின்னில் மண்ணை நிரப்பி, இறக்கை மேலே தெரியும்படி குத்திவைத்தேன். முளைத்ததும் கிளையைப் பிடுங்கி எறிந்துவிட்டு அதே பானையில் கன்றை வைத்துவிடலாம் என்பது திட்டம். இரண்டு வாரத்தில் முளைத்துவிட்டன. ஆனால் கன்றோ ஈர்க்குச்சி, கிளையோ மணிக்கட்டு மொத்தம். யாரை ஏமாற்றுவது? போதாததற்குக் கெங்கம்மாள் அந்தக் கன்றுகளைப் பார்த்துவிட்டு ஒன்று சொன்னாள்.

"வெதையில வர்றது இன்னா நெறத்துல பூக்கும்னு சொல்ல முடியாது. தாய் ஒரு நெறம், புள்ள ஒரு நெறம். கிளையில வர்றது அப்பிடியில்லடி. அது அதுவேதான்."

அதற்கப்புறம் அந்தக் கிளையைப் பிடுங்க என் கை எழவில்லை. பானை வெடித்தபோது பின்பக்கத்துத் தரையிலேயே இறக்கி வைத்தேன். விதைக் கன்றுகளை வேலியோரம் நட்டுவிட்டு மறந்துபோனேன்.

மறு வருஷம் பங்குனியில் முதல் மொட்டுக் கட்டியது. அவள் பார்ப்பதற்கு முன்னால் கிள்ளிப் போட்டேன். அடுத்த மொட்டையும் கிள்ளினேன். இப்படியே மூன்று வருஷம். கிள்ளிய இடத்திலெல்லாம் அது பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மூன்று கிளை விட்டது. என் நகக்கண்ணில் எப்போதும் பால் கறை. மரம் பூக்கவில்லையே என்று கெங்கம்மாளுக்குத்தான் என்னைவிடக் கவலை. தன் ஆட்டுப் பட்டியிலிருந்து கூடையில் எரு சுமந்துவந்து கொட்டுவாள். நான் திருட்டுத்தனமாகத் தண்ணீர் ஊற்றுவதால்தான் பூக்கவில்லை என்று என்னைத் திட்டுவாள். அவள் எருப் போடுவாள், நான் மொட்டுக் கிள்ளுவேன். பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து புளி உடைப்போம். அவள் ஏதாவது சொல்லிச் சிரிக்கும்போது என் சிரிப்பு மட்டும் பாதியில் நின்றுவிடும்.

எண்பத்தொன்று கார்த்திகையில் ஒரு வாரம் விடாமல் அடித்த மழையில் ஓடைக்கு அப்பால் சரிவு மொத்தமாகச் சரிந்துவிட்டது. மரம், கல், புல் எல்லாம் ஓடையோடு போனது. கெங்கம்மாளும் மாதையனும் மூன்று நாள் தேடினார்கள். ஒரு குச்சிகூடக் கிடைக்கவில்லை. நாலாம் நாள் அவள் வந்து என் வீட்டுப் பின்பக்கத்துப் பாறையில் உட்கார்ந்தாள். அழவில்லை.

"எந்த எடம்னே தெரியல பூங்கோத. சோத்த எங்கன்னு கொண்டு போய் வெப்பேன்?"

அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"கெங்கம்மா, இது ஒடுகத்தூர்க் கிளை இல்ல. அங்க ஒடச்சது நான்தான். யாரு எடம்னு தெரியாம ஒடச்சேன். தெரிஞ்சப்புறம் சொல்ல பயம்."

அவள் என்னைப் பார்த்தாள். மரத்தைப் பார்த்தாள். எழுந்து போய்விட்டாள்.

நாலு மாதம் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. தண்ணீருக்குப் போகக்கூட சுற்றுவழியாகப் போனாள். மாசியில் அவள் வீட்டு வாசலில் புளி உடைக்கும் சத்தம் கேட்கும். நான் உள்ளே உட்கார்ந்திருப்பேன். கூப்பிட எனக்கு வாயில்லை. என் வீட்டுக்காரர் இன்னா சண்டை என்று இரண்டு முறை கேட்டார். நான் எரிந்து விழுந்ததில் மூன்றாவது முறை கேட்கவில்லை.

பங்குனியில் மொட்டுக் கட்டியது. இந்தத் தடவை தொடவில்லை. எட்டுக் கிளையில் ஏழு பூத்தது. நாலைந்து நாளில் அந்தத் தெருவே மணத்தது. ஒரு காலையில் நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது கெங்கம்மாள் பின்பக்கமாக வந்து மரத்துக்கு முன்னால் நின்றாள். ஒரு பூவின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"எத்தினி வாட்டி ஒடச்ச?"

"மூணு."

"மீதி ரெண்டு?"

"தண்ணி ஊத்தி அழுவ வுட்டுட்டேன்."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. "ஒடச்சதுகூடப் போவட்டும்டி. மொத ஒன்னு அழுவினப்பவே வந்து கேட்டிருக்கக் கூடாதா? நாலு மாசமா அந்த ரெண்டத்தான் நெனச்சிக்கினு கெடந்தேன்" என்றாள்.

நான் அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் மரத்தை ஏறிட்டுப் பார்த்து, இந்த மரத்தில் மட்டும் ஏன் இத்தனை கிளை என்று கேட்டாள். மொட்டுக் கிள்ளியதைச் சொன்னேன். எரு சுமந்ததெல்லாம் அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். என்னை அடிக்கக் கையை ஓங்கினாள். ஓங்கிய கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு, கத்தி இருக்கிறதா என்று கேட்டாள்.

கொண்டுவந்து கொடுத்தேன். இரண்டு கிளையை விட்டுவிட்டு மற்ற ஆறையும் வெட்டினாள். மொத்தமாக எடுத்துக்கொண்டு போகப் போகிறாள், அது நியாயம்தான் என்று நினைத்தேன். அவளோ ஒவ்வொன்றாகப் பாலைத் துடைத்து, பூவைக் கழித்து, என் வீட்டு இறவாணத்திலேயே கட்டினாள்.

"ஒரே எடத்துல வெச்சேன். ஒரே மழையில போச்சு" என்றாள்.

பத்து நாளும் வந்தாள். வெட்டுவாயைத் தொட்டுப் பார்ப்பாள், போய்விடுவாள். என்னிடம் ஒரு வார்த்தை கிடையாது. பதினோராம் நாள் ஆறையும் அவிழ்த்துக் கூடையில் வைத்து, "தூக்குடி" என்றாள். தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

முதல் வீடு தெருக்கோடியில் இருந்த சம்பூர்ணத்தம்மாளுடையது. இடுகாட்டு மரத்தை யாராவது வீட்டில் வைப்பார்களா என்று அந்த அம்மாள் வாசலிலேயே தயங்கி நின்றார். கெங்கம்மாள் கூடையிலிருந்து ஒரு கிளையை எடுத்து, குழந்தையைத் தருவதுபோல் இரண்டு கையிலும் ஏந்தி நீட்டினாள்.

"இது மரம் இல்லீங்க, எம் பொண்ணு முத்தம்மா. உங்க வூட்டுல இருக்கட்டும்."

சம்பூர்ணத்தம்மாள் முந்தானையை ஏந்தி வாங்கிக்கொண்டார். மீதி ஐந்து கிளையோடு கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டேன். கெங்கம்மாளோடு நாலரை வருஷம் பழகியிருக்கிறேன். அவள் மகளின் கையை மூன்று முறை ஒடித்திருக்கிறேன். அந்தப் பெண்ணின் பெயரை ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை.