நேர்ந்துவிட்ட கியர்

மாமனார் உக்கிரபாண்டி கல்யாணச் சீராகக் கொடுத்த ஃபோர்வீல் ஜீப்பை நாகநாதன் தனுஷ்கோடியில் நேராகக் கடலுக்குள் விட்டான். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிக்குக் கடலென்ன, கண்மாயென்ன என்று மனைவி பாண்டியம்மாளிடம் பீற்றிக்கொண்டதன் பலன். இன்ஜின் வயிறுமுட்ட உப்புத்தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டது. மாமனாருக்குத் தெரிந்தால் மானம் கப்பலேறிவிடும். சத்தமில்லாமல் வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டுமென்று அபிராமத்திலிருந்து சொந்த டிராக்டரை வரவழைத்தான். பாண்டியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

பாம்பன் மெக்கானிக் முஹைதீன் இரும்புக் குழாயை முக்கோணமாகப் பற்றவைத்து, ஜீப்பை டிராக்டருக்குப் பின்னால் மாட்டினார்.

"அண்ணே, நாலு சக்கரமும் ரோட்டுல உருளட்டும். ஆனா பெரிய கியருக்குப் பக்கத்துல, இன்ஜின் இழுவையச் சக்கரத்துக்கு அனுப்புற இந்தச் சின்ன கியரு மட்டும் நியூட்ரல விட்டு அசையக் கூடாது. அசைஞ்சா சக்கரம் சுத்துற சுத்துல கியர்பாக்ஸு, இன்ஜின் எல்லாம் நொறுங்கிரும். சாவியையும் உருவிராதீக, ஸ்டீயரிங் பூட்டிக்கிரும்."

பரமக்குடி தாண்டி அபிராமம் ரோட்டில் திரும்பியதுதான் தாமதம், உர மூட்டையைக் காலடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றார் உக்கிரபாண்டி. டிராக்டர் ஓட்டிய வீரமணி பிரேக்கை மிதித்துவிட்டான். முதலாளியின் மாமனாரைக் கண்டும் நிறுத்தாமல் போகிற வழக்கம் அந்தப் பக்கத்தில் கிடையாது.

"என்ன மாப்ள, நான் குடுத்த வண்டியக் கட்டி இழுத்துட்டு வாரீக?"

ஜீப்பில் ஸ்டீயரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்த நாகநாதன் வாயில் வந்ததைச் சொன்னான். "இழுக்கல மாமா. டிராக்டரு ரிப்பேரு. நம்ம ஜீப்புதான் பின்னால இருந்து தள்ளிக்கிட்டு வருது."

"டிராக்டரு பொகை விடுதே?"

"பொகை மட்டுந்தான் மாமா வருது. இழுவையே இல்ல."

வீரமணி முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு தலையாட்டினான். உக்கிரபாண்டிக்குப் பெருமை தாங்கவில்லை.

"தள்ளி உக்காருங்க மாப்ள. நான் தள்ளுறேன்."

ஸ்டீயரிங்கைப் பிடித்தவர் பெரிய கியரை மாற்றி மாற்றிப் போட்டார், ஆக்ஸிலேட்டரை மிதிமிதியென்று மிதித்தார். டிராக்டர் போட்ட சத்தத்தில் ஜீப்பின் இன்ஜின் செத்துக் கிடப்பது அவருக்குத் தெரியவில்லை. சின்ன கியர் நியூட்ரலில் இருக்கும்வரை அவர் என்ன ஆட்டம் ஆடினாலும் வண்டிக்குக் கேடில்லை. நாகநாதன் நிம்மதியாக மூச்சுவிட்டான். அதற்குள் மேடு வந்தது, டிராக்டர் திணறியது.

"இன்னுங் கொஞ்சம் வேகம் குடுக்கணும். இந்தச் சின்ன கியரு எதுக்கு, சும்மா நிக்குது?" கை நீண்டது.

நாகநாதன் பதறிக் கத்தினான்.

"தொடாதீக மாமா! அது முனியசாமிக்கு நேந்துவிட்டது!"

கை அந்தரத்தில் நின்றது. நேர்ந்துவிட்ட கிடாய் தன் வயலில் மேய்ந்தாலும் விரட்டாத மனிதர் அவர். ஓடுகிற வண்டியிலேயே செருப்பை உதறி, சட்டைப்பையிலிருந்த திருநீற்றைக் கியர் குமிழில் பூசி, கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஊர் சேர்ந்ததும் மஞ்சள் துணி கட்டினார். பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

அடுத்த வாரம் மாமனாருக்குத் தெரியாமல் முஹைதீன் வந்து இன்ஜினைச் சரிசெய்தார். உறுமல் கேட்டு நாகநாதனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. சின்ன கியரைப் போட்டால்தானே வண்டி நகரும், ஆசையாய் அதற்குக் கையைக் கொண்டுபோனான். சத்தம் கேட்டு வந்து நின்ற மாமனார் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"நேந்துவிட்டத நீங்களே தொடலாமா? குடும்பத்துக்கு ஆகுமா?"

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தான். மாமனாருக்குப் பின்னால் பாதி ஊர் ஜீப்பைக் கும்பிட்டுக்கொண்டு நின்றது. கையை விடுவித்து அவனும் ஒரு கும்பிடு போட்டான்.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் ஜீப் முனியசாமி கோயிலுக்குப் போகிறது. முன்னால் டிராக்டர், அதில் சோக முகத்தோடு வீரமணி. பின்னால் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, இந்த டிராக்டர் என்றைக்குத்தான் சரியாகுமோ என்று அலுத்துக்கொண்டே தள்ளுகிறார் உக்கிரபாண்டி.

"இப்படியே போனா கியர்பாக்ஸ் என்னத்துக்கு ஆகும் பாய்?" என்று நாகநாதன் முஹைதீனுக்குப் போன் போட்டான்.

"ஒண்ணும் ஆகாதுண்ணே. உங்க பேரன் காலத்துக்கும் புதுசாவே இருக்கும்."