இரண்டாவது ஆட்டக்காரி

பந்து வலைக்குள் போகும் முன்பே முத்துக்குமாரசாமி "அடடா" என்றான். அடுக்களையில் தேநீர் வடிகட்டிக்கொண்டிருந்த ரஹ்மத்துன்னிசாவுக்கு அது கேட்டது. வீடியோ கேமில் கோல் விழுந்தால் டீவிப் பெட்டி கரகரவென்று நீளமாக ஒரு சத்தம் போடும். அதைக் கேட்ட பிறகுதான் கோல் வாங்கியவன் வருத்தப்படுவான். இன்று வருத்தம் முதலில் வந்தது, சத்தம் பின்னால் வந்தது. போன ஞாயிற்றுக்கிழமையும் இப்படித்தான் இருந்ததோ என்று யோசித்தாள். அதற்கு முந்தின ஞாயிறும்.

 திரைச்சீலைக்கு அந்தப் பக்கமிருந்து அவள் கணவன் துல்கர்னைனின் குரல் கேட்டது.

"ஏலே குமாரு, எத்தன வாரமா இப்படிச் செய்யுத?"

"என்னத்தலே செய்யுதேன்?"

"எனக்குப் போனது காலுதாம்லே. கண்ணு போகல."

முத்துக்குமாரசாமி ஏதோ முணுமுணுத்தான். வெறும் விளையாட்டுதானே என்பதுபோல.

"வெளையாட்டுன்னா வெளையாடணும். படுத்துக் கெடக்கவனுக்கு ஆரஞ்சுப்பழம் வாங்கிட்டு வார மாதிரி நீ கோல் கொண்டுட்டு வராத. எந்திரிச்சுப் போ."

தபாலாபீஸ் குமாஸ்தாவான முத்துக்குமாரசாமிக்குக் கனத்த உடம்பு. தேநீருக்குக் காத்திராமல் எழுந்து வந்தவன், வாசலில் செருப்பு மாட்ட ஒரு காலில் நின்று தடுமாறினான். "நான் என்ன செய்ய தங்கச்சி? அவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு எப்படி கோல் போட?" என்றான்.  அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

இருவரும் ஒரே கால்பந்து அணியில் ஆடியவர்கள். துல்கர்னைன் இடது ஓரமாகப் பந்தைக் கொண்டுபோகிற லெஃப்ட் அவுட், முத்துக்குமாரசாமி கோல்கீப்பர். இலஞ்சியில் மழையோடு ஆடிவிட்டு, சேறு காய்வதற்குள் சைக்கிளை மிதித்து ஐந்தருவிக்குப் போய்க் குளித்துவிட்டுத்தான் தென்காசிக்குத் திரும்புவார்களாம். துல்கர்னைன் ஆடி அவள் பார்த்ததில்லை. நிக்காஹ் முடிந்த மூன்றாம் மாதமே அவன் ஷார்ஜாவுக்குப் போய்விட்டான். உயரமான கட்டடங்களின் வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை. இரண்டு வருடம் கழித்து ஐம்பது நாள் லீவில் வந்தான், போனான். எண்பத்தைந்தாம் வருடம் மாசியில் சாரத்துப் பலகை நழுவி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். இரண்டரை மாதம் அங்கேயே ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு ஸ்ட்ரெச்சரோடு திருவனந்தபுரம் விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். இடுப்புக்குக் கீழே எதுவும் அவனுடையதாக இல்லை. கூடவே வந்த அட்டைப்பெட்டிகளில் அவனோடு தங்கியிருந்தவர்கள் எல்லாவற்றையும் மடித்து அடுக்கியிருந்தார்கள். சட்டைகள், ஒரு டீவி, லீவில் கொண்டுவருவதற்காக விழுவதற்குப் பத்து நாள் முன்னால் அவன் வாங்கிய வீடியோ கேம்.

அப்போதெல்லாம் தென்காசியில் டீவி வைத்திருந்தாலும் பார்க்க ஒன்றும் கிடையாது. ஆண்டெனாவை எந்தப் பக்கம் திருப்பினாலும் புள்ளிப் புள்ளியாகத்தான் வரும். அந்தப் புள்ளிகளுக்கு நடுவே இந்த வீடியோ கேம் பெட்டியைச் சொருகினால் மட்டும் பச்சை மைதானம் ஒன்று எழுந்து நின்றது. ஒரு பக்கத்துக்கு மூன்றே ஆட்டக்காரர்கள். மூவரையும் ஒரே கயிற்றில் கட்டினாற்போல முக்கோணமாகச் சேர்ந்தே ஓடுவார்கள். முகம் கிடையாது. மேலேயிருந்து பார்ப்பதால் தலையும் தோளும்தான். "சாரத்துல நின்னு பாத்தா கீழ போற மனுசன் இப்படித்தாம்ட்டி தெரிவான்" என்று ஒருமுறை அவன் சொன்னான். விழுந்ததைப் பற்றி அவளிடம் அவன் சொன்னது அது ஒன்றுதான்.

குற்றாலத்தில் சீசன் தொடங்கியிருந்தது. சாரல் நாள் முழுக்கத் தூறிக்கொண்டிருக்க, துவைத்த விரிப்புகள் எதுவும் காயவில்லை. ஈரம் பட்டால் படுக்கைப்புண் பெருகும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அவள் ஒவ்வொரு விரிப்பையும் கரி இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தே காயவைத்தாள். இரண்டு மணிக்கொருதரம் அவனைப் புரட்டிப் படுக்கவைத்தாள். அவனுடைய உம்மா சைதூன் பீவி தஸ்பீஹ் மணியை உருட்டியபடி மறுபக்கம் பார்த்துக்கொண்டிருப்பாள். மகனின் உடம்பைப் பார்க்கிற தைரியம் அவளுக்கு இல்லை. முத்துக்குமாரசாமி வராமல் போன மூன்றாவது ஞாயிறு, விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தவளிடம் துல்கர்னைன் ஆட்களை நகர்த்துகிற இரண்டாவது ஸ்டிக்கை நீட்டினான்.

"ரஹ்மத்து, நீ உக்காரு."

"எனக்கு என்ன தெரியும் மச்சான்?"

"தெரியாதுல்லா, அதான். ஆனா அல்லா மேல ஆணையா ஒண்ணு சொல்லு. வேணும்னு தோக்கக் கூடாது. எந்தக் காலத்துலயும்."

அவள் சொன்னாள். தோற்பதற்கு அவள் வேண்டுமென்று எதுவும் செய்யவேண்டியிருக்கவில்லை. முதல் நாள் பதினான்கு கோல். பந்து எந்தப் பக்கம் போகிறதென்றே புரியவில்லை. பொத்தானை அழுத்தச் சொன்னால் குச்சியை அசைத்தாள், குச்சியை அசைக்கச் சொன்னால் உடம்பையே சாய்த்தாள். அவன் சிரித்தான். ஷார்ஜாவிலிருந்து வந்த பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. சைதூன் பீவி மணியை நிறுத்திவிட்டு எட்டிப்பார்த்தாள்.

பிறகு தினமும் நடுப்பகல் லுஹர் தொழுது, சாப்பாட்டுப் பாத்திரம் கழுவி வைத்ததும் அவள் கட்டிலருகே ஸ்டூலைப் போட்டுக்கொண்டாள். விளையாடுகிறது அவனுக்காக என்றுதான் நினைத்தாள். கொஞ்ச நாளில் அது பொய்யாகிவிட்டது. அரிசி களையும்போது அவனுடைய மூன்று ஆட்களும் எப்படி வளைந்து வருகிறார்கள் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். அவன் எப்போதும் இடது ஓரமாகவே பந்தைக் கொண்டுபோகிறான் என்பதை ஒருநாள் கிணற்றடியில் கண்டுபிடித்தாள். பழக்கம், லெஃப்ட் அவுட். மறுநாள் அந்த ஓரத்தில் தன் ஆளை முன்கூட்டியே நிறுத்திப் பந்தைப் பிடுங்கினாள். கட்டைவிரல் காய்த்துப்போனது. ஆவணியில் ஒருநாள் ஐந்துக்கு ஐந்து என்று சமமாக முடித்தாள். அந்த வாரக் கடைசியில் ஜெயித்தாள். ஜெயித்ததும் பயத்தோடு அவன் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்கன இருந்துட்டி படிச்ச இத?" என்று கேட்டான். முகமெல்லாம் வேர்வை. கண் மினுங்கியது. "இன்னொரு ஆட்டம் போடு. விடமாட்டேன்."

கல்யாணமாகி ஐந்து வருடத்தில் இருவரும் இவ்வளவு நாள் ஒன்றாக இருந்ததில்லை. திட்டிக்கொண்டார்கள், கள்ள ஆட்டம் என்று சண்டை போட்டார்கள், விளையாட்டு முடிந்தும் பேசிக்கொண்டே இருந்தார்கள். "வீட்டுக்கு வந்த பொம்பள பந்து வெளையாடுதா" என்று சைதூன் பீவி அண்டை வீட்டில் சொல்லி அழுதது அவள் காதுக்கு வந்தது. அவள் பொருட்படுத்தவில்லை. தனக்கு இப்படியொரு சந்தோஷம் வருவதற்கு அவன் விழ வேண்டியிருந்தது என்கிற நினைப்பு மட்டும் சிலநேரம் வரும். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவாள்.

கார்த்திகை பிறந்தபோது ஆட்டம் மாறியது. அவள் ஆறு கோலில் ஜெயித்தாள். அடுத்த நாள் எட்டு. அவன் பந்தை உதைக்க வேண்டிய இடத்தில் உதைக்காமல் ஒரு விரற்கடை தாண்டி உதைத்தான். வெட்டித் திரும்புகிற இடத்தில் நேராகப் போய்த் திரையின் ஓரத்தில் முட்டினான். மூன்றாம் நாள் அவள் ஸ்டிக்கைத் தரையில் வைத்துவிட்டாள்.

"நீங்க வேணும்னு தோக்குதிய."

"இல்லட்டி."

"குமாரு அண்ணன வெரட்டுனியல்லா? இப்பம் நீங்க எனக்கு அதத்தான செய்யுதிய? நான் என்ன சின்னப் புள்ளயா?"

"ரஹ்மத்து, இல்லங்கேன்."

அவன் திரையைப் பார்க்காமல் தன் வலது கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். மடக்கினான், நிமிர்த்தினான். வேறு யாருடைய விரலையோ சோதிப்பதுபோல.

அன்று சாயங்காலம் அவனுக்குத் தேநீர் கொடுத்துவிட்டு, கரண்ட் போயிருந்ததால் விளக்குத் திரியைச் சரிசெய்யத் திரும்பினாள். மறுபடி பார்த்தபோது அவன் தம்ளரை உள்ளங்கையோடு பொத்திப் பிடித்தபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய தேநீர். விளிம்பைப் பிடித்து வாங்கவே அவள் முந்தானையை மடிக்க வேண்டியிருந்தது. அவன் கையை விரித்துப் பார்த்தாள். உள்ளங்கை செக்கச்செவேலென்று இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் தோல் மெல்லக் கொப்பளித்து எழும்பியது.

"சுடலயா மச்சான்?"

அவன் தன் கையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். "சுட்டுச்சா?" என்றான்.

பாளையங்கோட்டைப் பெரிய டாக்டரிடம் போக முத்துக்குமாரசாமிதான் கார் பிடித்து வந்தான். அவள் ஆள் விட்டுச் சொல்லியனுப்பியிருந்தாள். அவன் ஒன்றும் கேட்காமல் உள்ளே வந்து துல்கர்னைனைக் கட்டிலிலிருந்து அள்ளித் தூக்கி, பின்சீட்டில் அவள் மடியில் தலை இருக்கும்படி கிடத்தினான். டாக்டர் அவன் கண்ணைப் பொத்தச் சொல்லிவிட்டு விரல்களில் ஊசியால் குத்தினார், பஞ்சால் தடவினார். எலும்பு முறிந்த இடத்தில் தண்டுவடத்துக்குள் நீர் கோத்திருக்கிறது என்றார். அது மெல்ல மேலே ஏறுகிறது. கை வரைக்கும் வந்துவிட்டது. வேலூரிலோ திருவனந்தபுரத்திலோ ஆபரேஷன் செய்யலாம், செய்தால் மிச்சமிருப்பது நிலைக்கலாம், போனது வராது.

"எப்பமிருந்து இப்படி இருக்குன்னு கவனிச்சிய?" என்று அவர் அவளைக் கேட்டார்.

கார்த்திகை நாலாம் தேதியிலிருந்து என்று அவளால் தேதியோடு சொல்ல முடிந்தது. எப்படித் தெரியும் என்று அவர் கேட்டபோது காய்த்த கட்டைவிரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

ஆலங்குளம் ரோட்டில் பாலத்து வேலை நடந்ததால் கடையம் வழியாகத் திரும்பினார்கள். மலைமேல் மேகம் இறங்கிக் கிடந்தது. நடவு முடிந்த வயல்களில் தண்ணீர் பளபளத்தது.  மடியில் கிடந்தவன், "ஏலே குமாரு, ஞாயித்துக்கெழம வாலே" என்றான். முன்சீட்டிலிருந்தவன் திரும்பாமல் தலையை ஆட்டினான். "ரஹ்மத்துகூட ஆடிப் பாரு. ஒனக்கு அவதாம்லே சரி. பாவம் பாக்க மாட்டா." முத்துக்குமாரசாமியின் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

இரண்டு நாள் அந்தப் பெட்டியின் பக்கமே அவள் போகவில்லை. மூன்றாம் நாள் பகல் சாப்பாட்டை ஊட்டி முடித்ததும் அவனே சொன்னான்.

"போடு ரஹ்மத்து."

"இன்னைக்கு வேண்டாம் மச்சான். கைக்கட்டு இருக்கு."

"நீ ஆணையிட்டுச் சொன்னது அப்படியேதான இருக்கு?"

அவள் டீவியைப் போட்டாள். அவனுடைய வலது கை ஸ்டிக்கைப் பிடிக்காமல் நழுவவிட்டது. பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்து ஸ்டிக்கைக் கையோடு சேர்த்துக் கட்டச் சொன்னான். கொப்பளத்தில் படாமல், முடிச்சு அழுத்தாமல் கட்டினாள். அழுத்தினாலும் அவனுக்குத் தெரியப்போவதில்லை என்று கட்டி முடித்த பிறகுதான் தோன்றியது. இடது கட்டைவிரலைப் பொத்தான்மேல் அவளே எடுத்து வைத்தாள்.

ஆட்டம் தொடங்கியது. அவனுடைய மூன்று பேரும் இடது ஓரமாகப் போகப் பார்த்து, பாதியில் நின்று, வந்த வழியே தடுமாறினார்கள். அவள் பந்தை எடுத்தாள். யாரும் இல்லாத மைதானத்தில் நேராகக் கொண்டுபோய் அடித்தாள். கரகரவென்று சத்தம் வந்தது.

"ம்" என்றான்.

இரண்டாவது கோல் அடித்தாள். மூன்றாவதுக்கு முன்னால் அவள் கை தானாக ஒரு கணம் தயங்கியது. "ஏட்டி!" என்று அதட்டினான். அடித்தாள். கண்ணீர் வந்து திரை கலங்கியது. தோளில் துடைத்துக்கொண்டு நான்காவதையும் அடித்தாள்.

கோல் வாங்கியவன்தான் நடுவிலிருந்து பந்தைத் தொடங்க வேண்டும். அவன் பொத்தானை அழுத்தும்வரை எதிராளியின் ஆட்களை எவ்வளவு அசைத்தாலும் நகரமாட்டார்கள். அவளுடைய மூன்று பேரும் கோட்டுக்கு அந்தப் பக்கம் வரிசையாக நின்றார்கள். அவனுடைய மூன்று பேரும் பந்தருகே நின்றார்கள். வெளியே மழை பிடித்திருந்தது. அடுத்த அறையில் மணி உருளுகிற சத்தம் நின்றிருந்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு விரலைப் பார்த்தான். விரல் பொத்தான்மேல் கிடந்தது. கழுத்து நரம்பு புடைத்து எழுந்தது.

அவள் தன் இரண்டு கைகளையும் மடியில் அழுத்தி வைத்துக்கொண்டாள். பச்சை மைதானத்தின் நடுவே பந்து இருந்தது. திரையின் மேலே நேரம் மட்டும் ஒவ்வொரு எண்ணாகக் குறைந்துகொண்டே வந்தது.