வெர்னர் வாசித்துக் காட்டிய நாவல்கள்

யூட்டெ என்ன சொன்னாள் என்று கேட்காமல் லெம்விக் என்ற கடலோரச் சிற்றூரில் யாரும் நூலகத்திலிருந்து நாவல் எடுக்கமாட்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. பெரிய படிப்பெல்லாம் இல்லை. முப்பது வருஷம் பல் மருத்துவரின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தவள். நாக்கு மட்டும் சாணை பிடித்தது. மாதம் ஒருமுறை கூடும் வாசகர் வட்டத்தில் மற்ற ஆறு பெண்களும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"முந்நூறு பக்கம் மழையைப் பத்தி எழுதியிருக்கான். எனக்கு வீட்டுல ஜன்னல் இருக்கு, புத்தகம் எதுக்கு?" என்பாள். கையில் கேக் தட்டோடு குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார்கள்.

கணவன் வெர்னர் பள்ளியில் மரவேலை சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். வட்டம் அவர்கள் வீட்டில் கூடினால் காப்பி ஊற்றுவது அவன் வேலை. ஒருமுறை லிஸ்பெட், "நீயும் ஒண்ணு படிச்சுட்டு வந்து உட்காரேன் வெர்னர்" என்று கூப்பிட்டாள். அவன் வாயைத் திறப்பதற்குள் யூட்டெ முந்திக்கொண்டாள். "அவன்கிட்ட நாவலைக் கொடுத்தா ஆடுற மேசைக்கு முட்டுக் கொடுப்பான்." எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

அறுபத்தெட்டாம் வயதில் யூட்டெவுக்குப் பார்வையின் நடுப்பகுதி போய்விட்டது. ஓரத்தில் கதவும் ஜன்னலும் தெரியும். நேரே பார்த்தால் சாம்பல் திட்டு. நூலகத்தில் ஒலிநூல் தருவதாகச் சொன்னார்கள். "யாரோ ஒருத்தன் காதுக்குள்ள முணுமுணுக்கறதா?" என்று அவள் முறுக்கிக்கொண்டிருந்தபோது வெர்னர், "நான் படிக்கிறேன்" என்றான்.

தினமும் மதியச் சாப்பாடு முடிந்ததும் படித்தான். குரல் நன்றாக இருந்தது. கப்பல் கேப்டனின் கதையில், கடைசியில் அவன் திரும்பி வந்து மனைவியிடம் மன்னிப்புக் கேட்கிற இடத்தில் அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஆனாலும் வட்டத்துக்குப் போனதும் பழைய வாய்தான்.

"அந்தக் கேப்டன் பொண்டாட்டிகிட்டத் திரும்பி வர்ற இடம் இருக்கே, சர்க்கரைப் பாகு. பல்லு கெட்டுப்போகும்."

யாரும் சிரிக்கவில்லை.

"அவன் எங்கேடி திரும்பி வந்தான்? பாதியிலேயே கடல்ல போயிட்டானே" என்றாள் லிஸ்பெட்.

"நீ பாதியோட மூடி வச்சிருப்ப" என்று யூட்டெ சமாளித்தாள். வீட்டுக்கு வந்ததும் வெர்னரைக் கேட்டாள். "வந்தானே! நீயே அழுதியே" என்றான் அவன், கூசாமல்.

அடுத்த மாதம் மருத்துவச்சியைப் பற்றிய நாவல். அதிலும் அவள் சொன்னது ஒன்று, மற்றவர்கள் படித்தது ஒன்று. மூன்றாவது மாதம் அவளை யாரும் திருத்தவே இல்லை. "ஆமா யூட்டெ, சரிதான் யூட்டெ" என்று குழந்தைக்குச் சோறூட்டுகிற குரலில் சொன்னார்கள். மறுநாள் லிஸ்பெட் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"ஞாபகத்துக்குப் பரிசோதனை இருக்காம். ஒரு தடவை காட்டிட்டு வந்துடேன். என் மாமியாருக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. அடுத்த மாசத்துலேர்ந்து வட்டத்துல பேச்சை நான் பார்த்துக்கறேன். நீ கேக் சாப்பிட வா, போதும்."

யூட்டெ பயந்துபோனாள். பல் பிடுங்கிக்கொண்டவர்களின் பெயரையெல்லாம் வருஷ வாரியாகச் சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் தப்பவில்லை. வெர்னர் படகுத்துறைக்குப் போன ஒரு காலையில் சுவரைத் தொட்டுத் தொட்டு நூலகத்துக்கு நடந்தாள். முந்தின வாரம் அவன் படித்து முடித்த பண்ணை நாவலின் ஒலிநூலை வாங்கிக் காதில் மாட்டிக்கொண்டாள்.

வெர்னர் படித்ததில் அம்மா மகனை மன்னித்துப் பண்ணையைக் கொடுக்கிறாள். இதிலோ பண்ணையை விற்றுவிட்டுக் கோபன்ஹேகன் போய்விடுகிறாள். மகன் தட்டத் தட்டக் கதவைத் திறப்பதே இல்லை. கடைசி அத்தியாயத்தை மூன்று தரம் கேட்டாள். புத்தி கெடவில்லை என்று முதலில் நிம்மதி. கோபம் மெதுவாகத்தான் வந்தது. வந்தது போகவில்லை.

அவள் சத்தம் போடவில்லை. அடுத்த நாவலை முன்கூட்டியே காலை நேரங்களில் கேட்டு வைத்துக்கொண்டு, மதியம் ஒன்றும் தெரியாதவள் போல உட்கார்ந்தாள். அவன் எந்த வரியில் கதையைத் திருப்புகிறான் என்று துல்லியமாகத் தெரிந்தது.

"நிறுத்து. இவ்வளவு நேரம் ஒழுங்கா எழுதிட்டு வந்தவன் இப்ப என்ன, குடிச்சுட்டு எழுதினானா?"

வெர்னர் பக்கத்தைப் புரட்டினான்.

"இவன் பொம்பளை மனசைத் தெருவுல நின்னு எட்டிப் பார்த்திருக்கான். உள்ள யாரும் விட்டதில்ல போல. சரி, மேல படி."

ஒரு மாதம் இப்படியே நடந்தது. அவன் சொந்தமாகச் சேர்த்த இடங்களை மட்டும் பொறுக்கி எடுத்துக் கீறினாள். புத்தகத்துக்குள் தனித்தாள் சரசரப்பது அவளுக்குக் கேட்கத் தொடங்கியது. இப்போதெல்லாம் அவன் முதலிலேயே எழுதித் திருத்தி வைத்துக்கொண்டு படிக்கிறான். அது புரிந்த பிறகு இன்னும் ஆழமாகக் கீறினாள்.

"மரவேலை வாத்தியார் செஞ்ச நாற்காலி மாதிரி இருக்கு. நாலு காலும் இருக்கு, உட்கார்ந்தா வலிக்குது."

புத்தகம் மூடுகிற சத்தம் கேட்டது.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"ஒரு மாசமா. எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு ஊரே பேசிச்சே, அப்ப உனக்கு எப்படி இருந்தது?"

"நல்லா இருந்தது" என்றான் வெர்னர். புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு, "முதல்ல விளையாட்டுக்குத்தான். கேப்டன் திரும்பி வந்ததும் நீ அழுத. நாப்பத்தோரு வருஷத்துல நான் சொன்ன எதையும் நீ அப்படிக் கேட்டதில்ல" என்றான்.

அவள் எழுந்துபோய் லிஸ்பெட்டைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டினாள். லிஸ்பெட் பொறுமையாகக் கேட்டு, அதே சோறூட்டும் குரலில் சொன்னாள். "ஆமாடி, வெர்னர்தான் கதையை மாத்திட்டான். பாவம், அவன் உன்னை எப்படித் தாங்கறான்! அவன் பக்கத்துல இருக்கானா? போனைக் கொடு."

யூட்டெ ரிசீவரை வைத்துவிட்டாள். வெர்னர் எழுந்திருக்கவே இல்லை.

"யூட்டெ, ஒண்ணு மட்டும் சொல்லு. நான் எழுதினதுல ஒண்ணுகூடவா நல்லா இல்ல?"

ஒன்று இருந்தது. மருத்துவச்சி பிரசவம் பார்த்துவிட்டு உறைந்த கடற்கழியின் மேல் நடந்து வீடு திரும்புவாள். காலடியில் பனி விரிசல் விடுகிற சத்தம் கேட்டு நிற்பாள். ஓடினால் உடையும் என்று, கையில் இருந்த பையைக்கூடக் கீழே வைக்காமல் அப்படியே நிற்பாள். அந்த நாவலின் ஒலிநூலையும் வாங்கி அந்த இடத்தைத் தேடித் தேடிப் பார்த்து, இல்லை என்று தெரிந்த அன்று யூட்டெ வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்ணுகூட இல்ல" என்றாள்.

அவன் தாள்களை ஒவ்வொன்றாக உருவி அடுக்கினான். பிறகு விறகடுப்பின் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அவள் தடுக்கவில்லை.