பெயர்ப்பலகை டாக்டர்

பசுமலையில் அந்த வீட்டின் கேட்டைப் பாண்டிமீனா திறந்தபோது, டாக்டர் வெங்கட்ரமணன் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். எழுபதைத் தாண்டிய மெலிந்த உடம்பு. இவரிடம் கத்தவேண்டும் என்றுதான் உசிலம்பட்டியிலிருந்து பஸ்ஸில் வழி நெடுக நினைத்து வந்திருந்தாள். பெயர்ப்பலகையைப் படமெடுத்து வைத்திருந்த போனை அவர் முன்னால் நீட்டினாள்.

"இதுல இருக்கது உங்க பேருதான சார்?"

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். வலி நிவாரண மையம். அதன் கீழே அவர் பெயர், படிப்பு, பதிவு எண்.

"என் பேர்தாம்மா. ஆனா நான் அங்க போனதே இல்ல."

அவள் கணவன் முத்துப்பாண்டி நெல் மூட்டை தூக்குகிறவன். இடுப்பு வலிக்கென்று அங்கே போனான். முதுகெலும்பில் போட்ட ஊசியோடு வலது கால் மரத்துப்போனது. மறுநாள் சரியாகிவிடும் என்றார்கள். ஆகவில்லை. பெரியாஸ்பத்திரியில், நரம்பு பட்டுப்போயிருக்கிறது, பார்க்கலாம் என்கிறார்கள். மையத்தில் எப்போது போய்க் கேட்டாலும் டாக்டர் லீவு. லைசென்ஸ் கொடுக்கும் ஆபீசுக்குப் போனாள். அங்கிருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னார். பொறுப்பு டாக்டரும் வெங்கட்ரமணன், ஓனரும் வெங்கட்ரமணன். ப்ளாட் போட்டு விற்கும் ஜெயபாண்டிதான் ஓனர் என்று ஊருக்கே தெரியும் என்றாள். அப்படி ஒரு பெயரே இதில் இல்லையேம்மா என்ற அவர், டாக்டரின் பசுமலை விலாசத்தை எழுதிக் கொடுத்தார்.

"டாக்டர் பேர்ல இருந்தாத்தான் லைசென்ஸ் தருவாங்கன்னு ஜெயபாண்டி கேட்டான். சின்ன டாக்டர் ஒருத்தர் தினம் வந்து பாப்பார்னு சொன்னான். கையெழுத்துப் போட்டேன்" என்றார் வெங்கட்ரமணன்.

"போர்டுல பெரிய டாக்டர் பேரு இருக்குன்னு நான்தான் சார் எங்க வீட்டுக்காரரைக் கூட்டிப்போனேன். அவரு தைலம் தேச்சாப் போதும்னாரு."

வாசலில் வந்து நின்ற அவர் மனைவி பாலாம்பாள், "இதுல நீங்க என்ன பண்ண முடியும், உள்ள வாங்கோ" என்றாள். அவர் குழாயை மூடிவிட்டு, கார் சாவியை எடுத்துவரச் சொன்னார்.

உசிலம்பட்டியில் முத்துப்பாண்டியையும் வீட்டிலிருந்து காரில் ஏற்றிக்கொண்டார்கள். மையத்தில் கூட்டம். களையெடுத்து இடுப்புப் போனவர்கள், முழங்கால் வீங்கியவர்கள். வெங்கட்ரமணன் தன் பெயருக்குக் கீழே நுழைந்ததும் மேசைப் பெண் தலையை நிமிர்த்தாமல், "டோக்கன் வாங்கிட்டு உக்காருங்க தாத்தா" என்றாள்.

அவர் உட்காரவில்லை. நேரே உள்ளறைக்குப் போனார். ஒரு கிழவரைக் குப்புறப் படுக்கவைத்து, ஊசியோடு முகேஷ் நின்றிருந்தான். ஊரில் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை எடுத்துக்கொடுத்தவன் என்று பாண்டிமீனாவுக்குத் தெரியும்.

"நீ என்ன படிச்சிருக்க?"

முகேஷ் ஊசியைத் தட்டில் வைத்தான். கதவருகே நின்ற பாண்டிமீனா அந்த ஊசியின் நீளத்தைப் பார்த்தாள்.

அரை மணி நேரத்தில் ஜெயபாண்டி வந்துவிட்டான். வெள்ளை வேட்டி, சிரித்த முகம். "என்ன சார், சொல்லியிருந்தா வண்டி அனுப்பியிருப்பேன்ல. வீட்டுக்குப் போங்க. சாயங்காலம் வாரேன், பேசுவோம்."

"இது யாரோட கிளினிக், ஜெயபாண்டி?"

"உங்களுதுதான் சார்."

"அப்ப வெளியே போ. இன்னியோட மூடறேன்."

ஜெயபாண்டியின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வடிந்தது. அவன் குரலைத் தாழ்த்தினான். "பேப்பர்ல எம்பேரு எங்கயும் இல்ல சார். கேசுன்னு வந்தா மொத மொத உள்ள போறது நீங்க. இந்த வயசுல தாங்குவீகளா?"

"போறேன்."

அந்த ஒரு சொல்லால் பாண்டிமீனாவின் கோபம் தணியவில்லை. போனால் போகட்டும். இவர் உள்ளே போவார், அவன் வேறொரு பெயரைத் தேடிக்கொள்வான். மூட்டை யார் தூக்குவது?

வெங்கட்ரமணன் கூடத்துக்கு வந்தார். பெஞ்சில் சாய்ந்திருந்த முத்துப்பாண்டிக்கு முன்னால், அத்தனை பேர் பார்க்கத் தரையில் உட்கார்ந்தார். வலது பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, கார் சாவியின் முனையால் குதிகாலிலிருந்து விரல் வரைக்கும் மெல்லக் கீறினார்.

"தெரியுதாப்பா?"

முத்துப்பாண்டி பாண்டிமீனாவைப் பார்த்தான். விரல்கள் அசையவில்லை. அவர் மறுபடியும் கீறினார்.

வெளியே டவுன் பஸ் வந்து நின்றது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் இறங்கினாள். பின்னால் இரண்டு பேர், ஒருவர் தோளை ஒருவர் பற்றியபடி. படியை நோக்கி அவர்கள் நடந்து வந்தார்கள். பாண்டிமீனா வாசலுக்குப் போய், இரண்டு கையாலும் நிலையைப் பிடித்துக்கொண்டு குறுக்கே நின்றாள்.