கடைசிப் பெட்டி இல்லாத கோச்சி

கனடாவில் இருந்து வந்த கடிதத்தில் மருமகன் ஜெயராஜா வங்கி என்று எழுதியிருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. பிஸ்கட் கம்பனி என்று எழுதியிருந்தாலும் இல்லை. அருமைநாயகம் அன்றைக்கே "காசை அனுப்பு மகன்" என்று ஒரு வரி எழுதித் தபாலில் போட்டுவிட்டுப் பகல் தூக்கத்துக்குப் போயிருப்பார். பாவிப் பயல் ரயில் கம்பனி என்றல்லவா எழுதிவிட்டான்.

"மாமா, உங்களுக்கெண்டு ரெண்டாயிரம் டொலர் ஒதுக்கி வெச்சிருக்கன். அனுப்பவா? இல்லாட்டி இஞ்ச ஒரு ரயில் கம்பனி சனங்களுக்குப் பங்கு விக்குது, உங்கட பேரில வாங்கி விடவா? மூணு நாலு வருஷத்தில இரட்டிக்கும் எண்டு பறையிறாங்க. யோசிச்சு எழுதுங்க."

அருமைநாயகம் முப்பத்தொரு வருஷம் கோச்சியில், அதாவது ரயிலில், கார்ட் வேலை பார்த்தவர். கோச்சியின் கடைசிப் பெட்டிதான் கார்ட் பெட்டி. அதில் அவர் கொழும்புக்கும் மட்டக்களப்புக்கும் போய்வந்த தூரத்தை நேராக நீட்டினால் சந்திரனைத் தொட்டுவிட்டு வரலாம். வரும் வழியில் மாகோ ஸ்டேஷனில் தேத்தண்ணிக்கும் நிற்கலாம். முதல் பெட்டியில் ஒருவர் வடையைத் தவறவிட்டால் கடைசிப் பெட்டியில் அவருக்குச் சத்தம் கேட்கும். வெலிக்கந்தைக் காட்டு யானைகள் அவருடைய விசிலை அடையாளம் கண்டு, தண்டவாளத்தை விட்டிறங்கி வரிசையாக நின்று வழிவிடும். இதையெல்லாம் சொன்னவர் அவரே என்பதால் சந்தேகிக்க இடமில்லை.

அது கோச்சி வராத காலம். யுத்தம் வந்து தண்டவாளத்தின் சிலிப்பர் கட்டைகளைக் காவலரண்களுக்கு எடுத்துக்கொண்டது. ஸ்டேஷன் மேடைக்கு இப்போது ஆடுகள்தான் நேரம் தவறாமல் வந்துபோயின. அவருடைய விசில் மட்டும் சேட்டுப் பையில் கிடந்தது. பேனை வைக்கிற இடத்தில்.

வீட்டின் பின்பக்கக் கூரையைத் தொண்ணூறில் எங்கிருந்தோ வந்த ஷெல் ஒன்று கொண்டுபோயிருந்தது. அன்று கட்டிய நீலத் தார்ப்பாய்ப் படங்கு ஆறு மாரி மழையைத் தாங்கி, இப்போது வானத்தை நட்சத்திரம் நட்சத்திரமாகக் காட்டியது. ஐப்பசியில் மழை இறங்கினால் குசினியில் வெள்ளம்தான். போன மாரியில் அடுப்படியில் மீன் பிடித்ததாக அருமைநாயகம் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

"இஞ்ச பாருங்க" என்றாள் மனைவி மங்கையற்கரசி. "இது எங்கட அம்மா எனக்குச் சீதனமாத் தந்த வீடு. ஒழுகினா என்ட மானம்தான் ஒழுகுது. கூரை போட்டா மழைக்கு ஒதுங்கலாம். பங்கு வாங்கினா எதுக்குள்ள ஒதுங்குற?"

"விசாரிக்காம ஒண்டும் சொல்லேலா புள்ள. கோச்சிய விசாரிக்க என்ன விட்டா ஆர் இருக்காங்க?"

ஏழு பக்கத்தில் விசாரித்தார். சராசரி எத்தனை பெட்டி இழுக்கிறார்கள், என்ன ஏற்றுகிறார்கள், சில்லுகளைச் சுத்தியலால் தட்டிப் பார்க்க ஆள் உண்டா, என்ஜின் சாரதி சிவப்புக் கொடிக்கு மரியாதை கொடுப்பவனா. பேப்பரில் வருகிற கணக்கை நம்பாதே மகன், ரயில் கடவையில் நின்று கண்ணால் பார்த்து எழுது என்று முடித்தார். அந்தக் கடிதத்தின் பாரத்தில் தபால்காரரின் சைக்கிள் ஒரு பக்கம் சாய்ந்தே போனது.

ஆவணிக் கடைசியில் பதில் வந்தது. அருமைநாயகம் விறாந்தையில் கதிரையைப் போட்டு, மனைவியைக் கூப்பிட்டு இருத்தி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உரத்து வாசித்தார்.

மருமகன் சொன்ன சொல் தட்டவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு கடவையில் போய் நின்றிருக்கிறான். வந்தது ஒரு சாமான் கோச்சி. நூற்றுப் பதின்மூன்று பெட்டி. எல்லாம் கோதுமை. குழந்தை நித்திரையாகி, எழும்பி, திரும்ப நித்திரையாகியும் கோச்சி முடியவில்லையாம்.

நான்காம் பக்கத்தில் அருமைநாயகம் கடிதத்தை மடியில் வைத்துவிட்டார். கண் கலங்கியிருந்தது.

"நூத்திப் பதின்மூண்டு பெட்டி. என்ஜின் நம்மட ஸ்டேஷனில நிண்டா வால் ஏறாவூரில நிக்கும் புள்ள. எழுதிப் போடுறன், பங்கே வாங்கட்டும். ரெண்டு வருஷம் பொறு, உனக்குப் பித்தளையில ஓடு போடுறன்."

மங்கையற்கரசி படங்கை ஒருதரம் அண்ணாந்து பார்த்தாள். பிறகு அவர் மடியைப் பார்த்தாள். "மறுகா இன்னும் ஒரு பக்கம் கிடக்கே. அதையும் வாசிங்களன்."

அவர் வாசிக்கிற நிலையில் இல்லை. அவளே எடுத்து வாசித்தாள்.

"மாமா, நீங்க கேக்காத ஒண்டையும் எழுதுறன். கடைசியில கார்ட் பெட்டி இல்ல. கடைசி வண்டியின்ட கொழுக்கியில ஒரு சின்னப் பெட்டி பூட்டியிருக்கு, சிவப்பு வெளிச்சம் மினுக்கு மினுக்கெண்டு எரியுது. கார்ட்மாரை எல்லாம் கொஞ்ச வருஷத்துக்கு முன்ன நிப்பாட்டிப் போட்டாங்களாம். கம்பனி லாபத்தில ஓடுறதுக்கு அதுவும் ஒரு காரணமாம்."

ஒழுங்கையில் போன சைக்கிள் மணிச் சத்தம் கேட்டது. அருமைநாயகம் கடிதத்தை வாங்கி, மூக்குத் தட்டும் தூரத்தில் பிடித்து, தானும் வாசித்தார். கவிழ்த்தும் பார்த்தார்.

"அப்ப பின்னால ஆர் பாக்கிற?" என்று மெதுவாகக் கேட்டார்.

அதற்குப் பிறகு மூன்று நாள் மனுஷன் சரியாகச் சாப்பிடவில்லை; இரண்டு ஆள் சாப்பாடுதான் சாப்பிட்டார். நடுவில் கொழுக்கி கழன்றால் யார் கண்டுபிடிப்பது? சில்லில் புகை வந்தால் யார் கொடி காட்டுவது? விளக்கா இறங்கி ஓடும்? அப்படிப்பட்ட கோச்சியில் ஒரு கார்ட் காசு போடுவதா? போடமாட்டேன் என்று காலையில் தீர்மானித்தார். நூற்றுப் பதின்மூன்று பெட்டி மத்தியானம் வந்து கண்முன்னால் ஊர்ந்தது. பின்னேரம் திரும்பக் கடைசிப் பெட்டியைத் தேடினார்.

நான்காம் நாள் மங்கையற்கரசியின் அண்ணன் கந்தப்போடி வந்தார். கொக்கட்டிச்சோலைப் பக்கம் வயல் செய்கிறவர். தயிர்ச் சட்டியோடு தோணியில் வாவியைக் கடந்து, செக் பொயின்ற்றில் சட்டிக்குள் ஈர்க்கு விட்டுப் பார்த்தவர்களுக்கும் ஒரு கரண்டி கொடுத்துவிட்டு வந்து சேர்ந்திருந்தார்.

விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு முதலில் ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. "அதில உனக்கு எந்தப் பெட்டி மச்சான்?"

"பெட்டியாப் பிரிச்சுத் தாறல்ல. முழுக் கோச்சியிலயும் ஒரு துளி."

"நம்மட வயல் வட்டையில தண்ணிப் பங்கு மாதிரி எண்டு சொல்லு."

"ஓம். ஆனா நான் வாங்கல்ல. கார்ட் இல்லாத கோச்சி. தலை இருக்கு, வால் இருக்கு, வாலில கண் இல்ல. அவங்களுக்கு ஆராவது புத்தி சொல்லவேணும்."

"சொல்லன்."

"நான் சொன்னா ஆர் கேக்கிற?"

கந்தப்போடி வெற்றிலையை ஒரு கொடுப்பில் ஒதுக்கினார். "வட்டைக் கூட்டத்துக்கு நீ வந்ததில்ல. விதைக்க முதல் வயல்காரர் எல்லாரும் கூடுவம். அரை ஏக்கர்காரன் எழும்பி நிண்டு கேட்டாலும், தண்ணி பங்கிடுற வட்டவிதானை மறுமொழி சொல்லத்தான் வேணும். வயல் இல்லாதவன் கேட்டா, நீ ஆர்ரா எண்டு கேப்பாங்க. நீ இப்ப வயல் இல்லாதவன்."

அருமைநாயகம் தயிரைத் தின்பதை நிறுத்தினார். அவர் வாழ்க்கையில் அது இரண்டாவது தடவை.

"எவ்வளவு வயல் வேணும் கேள்வி கேக்க?"

"அத அவனிட்டக் கேளு."

மறுநாள் காலை மூவருமாகக் கொமினிக்கேஷன் கடைக்குப் போய்க் கனடாவுக்குக் கோல் எடுத்தார்கள். அங்கே அப்போது சாமம். மருமகன் கொட்டாவியோடு ஓம் மாமா, ஓம் மாமா என்றான். ஒரு பங்கு இருந்தாலும் பங்குதாரர்தான் என்றான். வருஷக் கூட்டத்தில் கேள்வி கேட்கலாம், எழுதியும் அனுப்பலாம். ஒரு பங்கு இருபத்தேழு டொலர்.

அருமைநாயகம் வாயைத் திறக்கும் முன் மங்கையற்கரசி போனை வாங்கினாள். "தம்பி, மாமாவுக்கு ஒரு பங்கு. ஒண்டே ஒண்டு. மிச்சத்தை இந்தக் கிழமையே அனுப்பு. கோழிக்கூட்டுக்கும் ஓடு போடுவம் எண்டிருந்தன், அதை மாமாவின்ட கோச்சிக்கு விட்டுக்குடுக்கிறன்."

போனை வைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். "கேள்விக்கு ஒண்டு காணும்தானே?"

"காணும், போதும்" என்றார் அருமைநாயகம். பங்கு இரட்டிப்பதெல்லாம் அவர் மனதிலிருந்து எப்போதோ இறங்கிப் போய்விட்டிருந்தது.

ஐப்பசி பிறக்க ஐந்து நாள் இருக்கும்போது கூரையில் கடைசி ஓடு ஏறியது. கீழே விறாந்தையில் அருமைநாயகம் கம்பனித் தலைவருக்கு ஆங்கிலத்தில் பதினாலு பக்கம் எழுதிக்கொண்டிருந்தார். வெலிக்கந்தை யானைகளுக்கு மட்டும் மூன்று பக்கம். கனடாவில் யானை இல்லாவிட்டால் அங்கே உள்ள பெரிய மிருகம் எதையாவது அந்த இடத்தில் போட்டு வாசித்துக்கொள்ளும்படி குறிப்பும் இருந்தது.

தை மாதம் ஒரு தடித்த உறை வந்தது. தலைவரின் சார்பில் மூன்று வரி: பங்குதாரரின் கருத்துக்கு நன்றி, அது கவனத்தில் எடுக்கப்பட்டது, தங்கள் வண்டிகள் பாதுகாப்பானவை. கூடவே, அவர் பேர் அச்சடித்த ஒரு காசோலை. மூன்று மாதப் பங்கு லாபம், கனடாக் காசில் பத்துச் சதம். முத்திரையின் விலை அதைப்போல் பல மடங்கு. அதை மாற்றித் தர வங்கி கேட்கும் கட்டணத்துக்கு இன்னும் நூறு பங்கு வாங்கவேண்டும்.

வெளியே மாரி அடித்து ஊற்றிக்கொண்டிருந்தது. அருமைநாயகம் காசோலையை வெளிச்சத்துக்குப் பிடித்தார். சிரிப்பு வயிற்றில் தொடங்கி ஏறியது.

"மங்கை, இஞ்ச வா. கார்ட்மார் ஒருத்தரும் வேணாம் எண்டு நிப்பாட்டின கம்பனி. இனி மூணு மாசத்துக்கு ஒருக்கா மட்டக்களப்பில இருக்கிற ஒரு கார்ட்டுக்குச் சம்பளம் அனுப்பப் போறாங்க. நிப்பாட்டேலாது. நான் பங்குதாரன்."

அவள் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "சம்பளம் வாங்கினா வேலை செய்யவேணும். பின்பக்கம் ஒழுகுதா எண்டு பாருங்க."

அவர் எழும்பிப் போனார். புது ஓட்டின் கீழ் நின்று, கைமரம் கைமரமாக, மூலை மூலையாக அண்ணாந்து பார்த்தார். மழை தலைக்கு மேலே நூற்றுப் பதின்மூன்று பெட்டியாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டும் உள்ளே இல்லை.

சேட்டுப் பையிலிருந்து விசிலை எடுத்து, நீளமாக ஒருதரம் ஊதினார்.