கோணல் ஸ்கோன்

கிளிஃபர்டு மாவில் வட்ட அச்சை அழுத்தி, ஒரு திருகு திருகி எடுத்தார். கடைசி வட்டத்துக்கு வந்தபோதுதான் உறைத்தது: திருகக் கூடாது. திருகினால் ஸ்கோன் ரொட்டி வேகும்போது ஒருபக்கமாகச் சாய்ந்து உப்பும். அதை மட்டும் நேராக எடுத்தார். அவர் அடுப்படியை எட்டிப் பார்க்கும்போதெல்லாம் மனைவி மியூரியல் சொல்லும் பாடம் அது. பகலில் அவளை அடக்கம் செய்ய வேண்டும். சாயங்காலம் துக்கத்துக்கு வருகிறவர்களுக்கு வீட்டில் தேநீர்.

"என் சாவுக்குக் கடை ஸ்கோன் வெச்சீங்க, எந்திரிச்சு வந்துடுவேன்" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் மிரட்டியிருந்தாள். கடையிலேயே வாங்கிவிடலாமா என்று ஒரு கணம் ஆசைப்பட்டார்.

வெந்து வந்தவை சாராயக் கடையிலிருந்து திரும்பும் கூட்டம்போலச் சாய்ந்து நின்றன. நிமிர்ந்தது அந்த ஒன்றே ஒன்று. கரிந்த கோணல் ஒன்றைத் தனியே வைத்தார். நேரானது விருந்தாளிக்கு, கோணலானது வீட்டுக்காரருக்கு. அது மியூரியலின் சட்டம்.

கல்லறையிலிருந்து வந்தவர்கள் கறுப்பு உடையில் நாற்காலி நுனிகளில் உட்கார்ந்தார்கள். மியூரியலின் தங்கை தெல்மா தேநீர் ஊற்றினாள். கிளிஃபர்டு தட்டை ஏந்திச் சுற்றினார், திட்டு வாங்கத் தயாராக.

"பிரமாதம், கிளிஃப்" என்றார் பக்கத்து வீட்டு ரெஜினால்டு, மீசையில் கிரீமோடு.

"கண்ணத் தொறந்து பாருய்யா. அந்த ஒண்ணத் தவிர எதாவது நிமிந்து நிக்குதா?"

"எனக்கு ஒண்ணும் தெரியலப்பா."

ஆயுள் முழுக்க அக்காவின் கேக்கில் குற்றம் கண்டவள் தெல்மா. அவள் பக்கம் திரும்பினார்.

"நீயாவது சொல்லு. திருகிட்டேன்ல?"

தெல்மா தட்டையே பார்த்தாள். உதடு அசைந்தது.

"மெத்துன்னு இருக்கு, அது போதும்" என்று கெண்டியின் பக்கம் திரும்பிக்கொண்டாள். "டீ ஆறுது, குடிங்க."

கடைசியில் நேரானது மட்டும் தட்டில் மிஞ்சியது. தட்டின் கடைசித் துண்டில் கை வைப்பதைவிட விரலை வெட்டிக்கொள்வது மேல் என்று நினைக்கிற ஊர் அது.

"நீங்க எடுத்துக்குங்க."

"ஐயோ, வயிறு முட்டிடுச்சு. நீங்க எடுங்க."

தட்டு இரண்டு சுற்று வந்தது. பிறகு எல்லோரும் தொப்பியைத் தேடினார்கள்.

வீடு காலியானதும் கிளிஃபர்டு தட்டை மேசைமேல் வைத்து, ஈ மொய்க்காமல் துணியால் மூடினார். அடுப்படிக்குப் போனார். கரிந்த கோணலை எடுத்து, ஜாமும் கிரீமும் இல்லாமல், நின்றபடியே தின்றார்.